நூற்றுக்கு எத்தனை?

2025 மே மாதம் வெளியான பிளஸ் டூ தேர்வு முடிவில் தமிழ்நாட்டின் தேர்ச்சி 95.03 விழுக்காடு. அரசுப் பள்ளிகளை மட்டும் தனியே எடுத்தால் 91.94. வித்தியாசம் மூன்று புள்ளிதான். ஆனால் தாலுகா ஆபீசும் வாரச்சந்தையும் உள்ள ஏதாவதொரு சிறுநகரத்தின் தேநீர்க் கடையில் நின்று, ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி எப்படி என்று கேட்டுப் பாருங்கள். “வசதி இருந்தா அங்க ஏங்க சேக்கறாங்க?” என்றுதான் பதில் வரும். மூன்று புள்ளிக்கு உரிய பதில் அல்ல அது.

பட்டியல் சொல்வது ஒன்று, ஊர் நம்புவது இன்னொன்று. இரண்டில் எது உண்மை என்று பஞ்சாயத்து வைப்பதைவிட, 90ஐத் தாண்டிவிட்ட ஓர் எண்ணை வைத்துக்கொண்டு இனி எதை அளக்க முடியும் என்று கேட்பது பயனுள்ளது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். தேர்ச்சி விழுக்காடு சிறுநகர அரசுப் பள்ளியின் உழைப்பையும் காட்டுவதில்லை, அதன் பிழையையும் காட்டுவதில்லை. தேர்வு எழுதியவர்களைக் கொண்டு வகுத்து வரும் எண் அது. பள்ளியில் சேர்ந்தவர்களைக் கொண்டு வகுத்தால் வேறு கதை கிடைக்கும்.

இந்தப் பள்ளிகளில் பழையவை பலவும் ஜில்லா போர்டு தொடங்கியவை. எழுபது வயதுக்காரர்கள் இன்னும் ‘போர்டு ஹைஸ்கூல்’ என்றுதான் சொல்வார்கள். காமராசர் முதல்வராக இருந்த 1954–63 காலத்தில் பள்ளிகள் பெருகின, 1956இல் மதிய உணவு வந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் கடிகாரமும் நிலமும் கொடுத்தார்கள். முன்சீப் கோர்ட் வக்கீல் மகனும் அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுபவரின் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பள்ளி என்று அந்தத் தலைமுறை பெருமையோடு நினைவுகூரும். பொய்யில்லை. ஆனால் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே வந்தார்கள், பால்காரர் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர்தான் வந்தார். மற்றவர்கள் ஐந்தாம் வகுப்போடு மாட்டுத் தொழுவத்துக்குத் திரும்பியிருந்தார்கள். அன்றைய உயர்நிலைப் பள்ளி, வாசலுக்கு வெளியிலேயே சலித்து முடித்த பிள்ளைகளை வைத்து நடந்த பள்ளி. அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

1978இல் பி.யூ.சி. கல்லூரியை விட்டுப் பெயர்ந்து பிளஸ் ஒன், பிளஸ் டூவாகப் பள்ளிக்கு வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. கல்லூரி இல்லாத சிறுநகரங்களுக்கு இது பெரிய கொடை. பதினாறு வயதுப் பெண்ணை வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கிய வீடுகள், உள்ளூரிலேயே இன்னும் இரண்டு ஆண்டு படிக்க வைத்தன. ஆனால் அதே காலத்தில்தான் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல்கலைக்கழகங்களின் பிடியிலிருந்து மாநில வாரியத்தின் கீழ் வந்து, தனியாருக்குக் கதவு அகலத் திறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஒவ்வொரு சிறுநகரத்துக்கும் இரண்டோ மூன்றோ மெட்ரிக் பள்ளிகள் முளைத்தன. முதலில் அதிகாரி வீட்டுப் பிள்ளைகள் போனார்கள், அடுத்து கடைவீதிப் பிள்ளைகள், பிறகு ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள். அரசுப் பள்ளி ஆசிரியரின் பிள்ளை எங்கே படிக்கிறது என்ற கேள்வி பட்டிமன்றத்தில் அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்தே போய்விட்டது. நான் அதற்குள் போகவில்லை.

போனவர்களைவிட வந்தவர்கள்தான் இங்கே முக்கியம். இன்று சிறுநகர அரசுப் பள்ளியின் காலை வழிபாட்டில் நிற்பவர்களில் கணிசமானோர் அந்த ஊர்க்காரர்களே அல்லர். சுற்றுக் கிராமங்களில் எட்டாவது வரையோ பத்தாவது வரையோ படித்துவிட்டு, பஸ் பாஸோடு முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து வருபவர்கள். அந்த பஸ் வராத நாளில் முதல் பாடவேளையில் பாதி வகுப்பு காலி. கிராமத்துப் பள்ளிக்கு இந்தச் சிக்கல் கிடையாது, பெருநகரப் பள்ளிக்கும் கிடையாது. தன் ஊரின் வசதியானவர்களை இழந்து, அடுத்த ஊரின் வசதியற்றவர்களை ஏற்றுக்கொள்ளும் பள்ளி இது. ஊர்க்காரர்களுக்கு அதன் மேல் அக்கறை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் வீட்டுப் பிள்ளை அங்கே இல்லை.

இனி அந்த விழுக்காடு எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்தில் 15 எடுத்து, மொத்தத்தில் 35ஐத் தொட்டால் தேர்ச்சி. செய்முறையும் அகமதிப்பீடும் பள்ளிக்குள்ளேயே முடிகிறவை, அவற்றில் மதிப்பெண் தாராளமாக விழுவது ஊரறிந்த சேதி. ஆக மிச்சம் இருப்பது 70க்கு 15. ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. பாடத்தின் பின்பக்க வினாக்களை மனப்பாடம் செய்து, அவற்றில் பாதியைப் பிடித்து, சில இரண்டு மதிப்பெண் வினாக்களையும் எழுதிவிட்டால் கரையேறலாம். இதற்கென்றே ஒரு கலை வளர்ந்திருக்கிறது. ‘மினிமம் மெட்டீரியல்’ என்று பத்துப் பன்னிரண்டு பக்க ஜெராக்ஸ் நோட்டு, மெல்லக் கற்போருக்குத் தனிக் கையேடு, மாலை ஸ்பெஷல் கிளாஸ், ஓர் ஆசிரியருக்கு ஐந்தாறு பிள்ளைகள் என்று ‘தத்தெடுத்தல்’. விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் போட்டு, “எழுந்துட்டியாடா?” என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் முதல் ஆளாகப் பத்தாவது தாண்டிய பிள்ளைக்கு அந்த 35 மதிப்பெண் அற்பமல்ல. அது கல்லூரி வாசலுக்கான சீட்டு, பெண் என்றால் இரண்டு ஆண்டு தள்ளிப்போன கல்யாணம். ஆனால் பிள்ளையைக் கரையேற்றும் வேலையும் இயற்பியல் கற்றுத்தரும் வேலையும் ஒன்றல்ல. மாநிலத் தேர்ச்சி 2011இல் 85.9 ஆக இருந்து 2014இல் 90.6 ஆனது, 2025இல் 95ஐத் தாண்டியது. பதினான்கு ஆண்டுகளில் பிள்ளைகளின் கணித அறிவு அதே அளவு ஏறிவிட்டது என்று சொல்லும் கணித ஆசிரியர் யாரையும் நான் கண்டதில்லை.

கரையேற்றுவதாவது நல்ல வேலை. அதன் மறுபக்கம் அப்படியல்ல. விழுக்காட்டை ஏற்ற இரண்டு வழிகள் உண்டு: தேர்ச்சி பெறுபவர்களைக் கூட்டுவது ஒன்று, எழுதுபவர்களைக் குறைப்பது மற்றொன்று. ஒன்பதாவது முடிந்ததும், “உன் பையனுக்குப் படிப்பு ஏறல, ஐ.டி.ஐ.யில சேத்துடும்மா” என்று டி.சி.யைக் கையில் கொடுப்பது, நீண்ட நாள் வராதவன் பெயரைத் தேடிப் போகாமல் விட்டுவிடுவது, தேறாதவனைத் தனித்தேர்வராக எழுதச் சொல்வது எல்லாம் இரண்டாவது வழியில் சேரும். தனியார் பள்ளிகளில் இது வெளிப்படையாகவே நடக்கும். அரசுப் பள்ளியில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மாவட்ட மீளாய்வுக் கூட்டத்தில் பாடவாரியாக விழுக்காட்டைத் திரையில் போட்டு, குறைந்த பள்ளியின் தலைமையாசிரியரை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் முறை இருக்கும்வரை, தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் பெயர் ஏற்றும்போது பேனா ஒரு கணம் தயங்கத்தான் செய்யும்.

இந்தத் தயக்கம் எவ்வளவு பெரியது என்று அரசு வெளியிட்ட எண்களை வைத்தே ஓரளவு மதிப்பிடலாம். 2023இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய மாணவர்கள் 9,14,320 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 8,35,614, அதாவது 91.39 விழுக்காடு. அதே பிள்ளைகள் இரண்டு ஆண்டு கழித்து, 2025இல் பிளஸ் டூ எழுத வேண்டும். அந்த ஆண்டு எழுதியவர்கள் 7,92,494 பேர், தேர்ச்சி 7,53,142 பேர். நாம் கொண்டாடிய 95.03 இந்த இரண்டு எண்களிலிருந்து வந்தது. பத்தாவது எழுதியவர்களைக் கொண்டு வகுத்தால் வருவது 82 விழுக்காடு. இடையில் 1,21,826 பேரைக் காணோம்.

காணாமல் போனவர்கள் எல்லோரும் படிப்பை விட்டவர்கள் அல்லர். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போனவர்கள் உண்டு, வேறு பாடத்திட்டத்துக்கு மாறியவர்கள் உண்டு. துணைத்தேர்வில் தேறிச் சேர்ந்தவர்களும் முந்தைய ஆண்டில் நின்றுபோனவர்களும் கணக்கில் கலந்திருப்பார்கள். துல்லியமான கணக்கல்ல இது. ஆனால் மூன்று புள்ளி இடைவெளிக்காகத் தலைமையாசிரியர்கள் தூக்கம் கெடும் ஒரு மாநிலத்தில், பதின்மூன்று புள்ளி இடைவெளியைப் பற்றி யாரும் கூட்டம் போடுவதில்லை என்பதைக் காட்ட இது போதும். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வு நாளில் 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்று செய்தி வந்து பரபரப்பானது நினைவிருக்கலாம். பதிவேட்டில் பெயர் இருந்து, ஆள் எப்போதோ வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒரு வகையில் அந்த ஆண்டுப் பட்டியல்தான் நேர்மையானது. பெயரை முன்கூட்டியே அடித்திருந்தால் செய்தியே வந்திருக்காது.

போகிறவர்கள் யார்? சிறுநகரங்களில் பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். 2025 பிளஸ் டூவில் மாணவியர் தேர்ச்சி 96.70, மாணவர் 93.16. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போனால் ஒரே நாளில் கையில் காசு கிடைக்கிறது. பந்தல் வேலை, செல்போன் கடை, திருப்பூர், ஓசூர் என்று வழிகள் பல. ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் தனித்தனியாக உள்ள ஊர்களில், பெண்கள் பள்ளித் தலைமையாசிரியைக்குச் சால்வையும் ஆண்கள் பள்ளித் தலைமையாசிரியருக்கு விளக்கம் கேட்கும் கடிதமும் போகும். இருவரும் ஒரே அளவு உழைத்திருக்கலாம்.

தனியார் பள்ளியோடு ஒப்பிடும் பழக்கத்தையும் இங்கேயே பேசிவிடலாம். அமெரிக்காவில் 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வெளிவந்த பெரிய ஆய்வு, பிள்ளையின் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே அதிகப் பங்கு என்று சொல்லி அங்கே புயலைக் கிளப்பியது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஆந்திரத்திலிருந்து வருகிறது. அங்கே கிராமப்புற ஏழைப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்பிய சோதனையை கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தெலுங்கிலும் கணிதத்திலும் குலுக்கலில் வென்றவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. தனியார் பள்ளியில் கூடுதலாகக் கற்பித்த இந்தியில் மட்டும் வென்றவர்கள் முந்தினார்கள். இந்தக் கதைக்கு ஒரு மறுபாதி உண்டு, அதை அரசுப் பள்ளி ஆதரவாளர்கள் விழுங்கிவிடுவார்கள்: தனியார் பள்ளிகள் அதே விளைவை, ஒரு பிள்ளைக்கு அரசு செய்யும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தொகையில் காட்டின. அது தொடக்கக் கல்வி பற்றிய ஆய்வு, உயர்நிலைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எந்தப் பிள்ளை வந்தது என்று கேட்காமல் எந்தப் பள்ளி சிறந்தது என்று கேட்பது வீண் என்ற பாடம் இங்கும் செல்லும்.

சிறுநகரத்தில் இந்தச் சலிப்பு ஒரு முறையோடு நிற்பதில்லை. எல்.கே.ஜி. வயதில் ஒரு முறை, ஆறாவதில் ஒரு முறை, பத்தாவது முடிந்ததும் ஒரு முறை. பத்தாவதில் 500க்கு 480 எடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளையின் வீட்டுக்கு, முடிவு வந்த வாரத்திலேயே விடுதியோடு கூடிய தனியார் பள்ளியின் ஆள் வந்துவிடுவார். கட்டணம் வேண்டாம், சாப்பாடு இலவசம், பிள்ளையை மட்டும் கொடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பிள்ளையின் படம் அந்தப் பள்ளியின் பிளெக்ஸில் இருக்கும். இப்போது அரசே இன்னொரு சல்லடை வைத்திருக்கிறது: 38 மாவட்டங்களிலும் உள்ள மாதிரிப் பள்ளிகள். அங்கே சேர்ந்த ஏழைப் பிள்ளைகள் ஐ.ஐ.டி. வரை போயிருக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் வகுப்பில் கேள்வி கேட்கும் இரண்டு பிள்ளைகள் போய்விட்ட பிளஸ் ஒன் வகுப்பில் நின்று வேதியியல் நடத்தும் ஆசிரியரையும் யாராவது கேட்க வேண்டும். மீந்த முப்பது பேரின் தேர்ச்சி விழுக்காட்டை, போன இருவரின் புகழோடு கூட்டிப் பார்ப்பதில்லை.

மாவட்டப் பட்டியலில் விருதுநகர் பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது. 2023 பிளஸ் டூவிலும் 97.85 விழுக்காட்டோடு அதுதான் முதல். ஏன் விருதுநகர் என்று கேட்டால் எல்லோரும் ஆசிரியர்களின் உழைப்பைச் சொல்வார்கள். மற்ற மாவட்ட ஆசிரியர்கள் சும்மா இருக்கிறார்களா என்ன? அந்த ஊரின் சத்திரிய வித்யாசாலா பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியபோது, வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து அதன் செலவுக்குக் கொடுத்தார்கள். காமராசர் படித்ததும் அங்கேதான். உறவின்முறை மகமைப் பணத்தில் பள்ளி நடத்திய நாடார் சமூகமும், நெல்லை, குமரிப் பக்கம் மிஷன் பள்ளிகளும், நூறு ஆண்டுக்கு மேலாகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதை ஊர்ப் பழக்கமாக ஆக்கிவிட்டன. அந்தப் பழக்கத்தின் மேல் நின்றுதான் இன்றைய அரசுப் பள்ளியும் பாடம் நடத்துகிறது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, ராணிப்பேட்டைப் பக்கம் அந்த அடித்தளம் மெலிந்தது. பட்டியலின் அடிப்பகுதியில் வட மாவட்டங்கள் அடிக்கடி நிற்பதற்கு ஊரின் பொருளாதாரமும் இந்த வரலாறும் சேர்ந்த காரணம் உண்டு.

இதோடு ஆசிரியர் இடமாறுதலும் பின்னிக்கொள்கிறது. தென்மாவட்டங்களில் பட்டம் பெற்று வேலைக்கு வந்தவர்கள் வட மாவட்டக் காலியிடங்களில் நியமனம் பெறுகிறார்கள். சில ஆண்டுகள் வாடகை வீட்டில் காலம் தள்ளிவிட்டு, பொதுமாறுதல் கலந்தாய்வில் முன்னுரிமை வந்ததும் சொந்த மாவட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். குறை சொல்ல முடியாது, யாருக்கும் வயதான பெற்றோர் உண்டு. ஆனால் அவர் விட்டுச் சென்ற கணித முதுகலை ஆசிரியர் பணியிடம் பொங்கல் வரை காலியாகவே கிடக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகம் சொற்பத் தொகுப்பூதியத்தில், பி.எட். முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவரை நியமிக்கும். பிள்ளைகள் தேறினால் அதில் பெரும்பங்கு அவருடையது. பாராட்டு விழாவுக்கு அவரை அழைப்பார்களா என்பது அந்தந்தப் பள்ளியின் நாகரிகத்தைப் பொறுத்தது. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஓவியம், உடற்பயிற்சி, கணினி, தையல் சொல்லித்தருபவர்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தும் போராட்டம் இன்றும் ஓயவில்லை.

வரலாறுதான் எல்லாம் என்று நினைப்பவர்களை அரியலூர் மடக்குகிறது. 2007இல்தான் நிலைபெற்ற மாவட்டம், சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் மானாவாரி நிலமும் கொண்டது. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் என்று சிறு சிறு ஊர்கள், பெருநகரம் எதுவும் கிடையாது. 2025 பிளஸ் டூவில் 98.82 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம். சிறிய மாவட்டம், பள்ளிகள் குறைவு, முதன்மைக் கல்வி அலுவலர் ஒவ்வொரு பள்ளியையும் பெயர் சொல்லி அறியும் அளவு. என் ஊகம் இது: விருதுநகருக்கு ஒரு நூற்றாண்டு கொடுத்ததை, சிறிய மாவட்டத்தில் நெருக்கமான கண்காணிப்பு சில ஆண்டுகளிலேயே கொடுத்துவிட முடிகிறது, தேர்ச்சி என்ற எல்லை வரைக்கும். அந்த எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

2016 வரை பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவித்தார்கள். அன்று பள்ளிகள் முதல் மாணவருக்காகப் போட்டியிட்டன. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை மூட்டை கட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டிப் பெயர் வாங்கின. ‘பிராய்லர் பள்ளி’ என்று மக்களே பெயர் வைத்தார்கள். ரேங்கை ஒழித்தது நல்ல முடிவு. ஆனால் பிளெக்ஸ் காலியாக இருக்காதே? ‘மாநில முதலிடம்’ இருந்த இடத்தில் ‘100% தேர்ச்சி’ வந்து உட்கார்ந்தது. ரேங்க் காலத்தில் கடைசி பெஞ்சுக்காரனை யாரும் கண்டுகொள்ளவில்லை, தன்பாட்டுக்கு இருந்தான். விழுக்காட்டுக் காலத்தில் பள்ளியின் மொத்தப் பார்வையும் அவன் மேல்தான். ஒன்று அவனை உருட்டி மிரட்டித் தேற்ற வேண்டும், இல்லையென்றால் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். 2025இல் 436 அரசுப் பள்ளிகள் நூறு விழுக்காடு காட்டின. அவற்றில் எத்தனை முதல் வகை, எத்தனை இரண்டாம் வகை என்று பட்டியல் சொல்லாது.

இதற்கிடையில், எட்டு மதிப்பெண் எடுத்தவனை 35க்கு இழுக்கும் வேலையில் எழுபது எடுத்தவளைத் தொண்ணூறுக்குக் கொண்டுபோக ஆளில்லாமல் போகிறது. இதன் விலை 2019இல் தெரிந்தது. அந்த ஆண்டு அரசுப் பள்ளிகளின் பிளஸ் டூ தேர்ச்சி ஏறக்குறைய 85 விழுக்காடு. நீட் வழியாக எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர். நுழைவுத்தேர்வின் குளறுபடியைத் தனியாகப் பேச வேண்டும், பேசியும் இருக்கிறார்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே சாதகமான தேர்வு அது. ஆனாலும் ஒரு மாநிலத்தின் அத்தனை அரசுப் பள்ளிகளிலிருந்தும் ஆறு பேர் என்பதை நீட்டின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. அதற்கு முன், பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானித்த ஆண்டுகளிலும் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சொற்பமே. நீதியரசர் பொ. கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பின், ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. அந்த ஆண்டிலேயே சேர்க்கை நூற்றுக்கணக்கில் ஏறியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீட்டித்தார்கள். அண்மைக் காலத்தில் சிறுநகரப் பெற்றோரை அரசுப் பள்ளிப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது, எனக்குத் தெரிந்தவரை, எந்தக் கட்டடமும் அல்ல, இந்தச் சட்டம்தான். ஆறாவதில் சேர்த்தால்தான் பயன் என்பதால் பிள்ளையைப் பாதியில் மாற்றவும் யோசிக்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) அதே வழியில் வந்தவை.

பிளஸ் ஒன் சேர்க்கையில் நடக்கும் குரூப் பிரிப்பும் பெற்றோர் அதிகம் கவனிக்காத சல்லடைதான். மதிப்பெண் வரிசையில் முதலில் உயிரியல்-கணிதம், பிறகு கணினி அறிவியல், பிறகு வணிகவியல், மிச்சம் தொழிற்பிரிவு. தொழிற்பிரிவு 1978இல் கைத்தொழில் கற்றுத்தரும் நோக்கத்தோடு வந்தது. நாளடைவில் குறைந்த மதிப்பெண்காரர்களை அமர்த்தும் அறையாகிவிட்டது. ஆசிரியர் இல்லாததால் ஒரு குரூப்பையே மூடிவிடும் சிறுநகரப் பள்ளிகளும் உண்டு. அங்கே பிள்ளைக்கு எது பிடிக்கும் என்ற கேள்விக்கே இடமில்லை, எது இருக்கிறதோ அதுதான்.

ஆனால் இந்தக் குறைகள் எல்லாவற்றுக்கும் வேர் பிளஸ் டூவில் இல்லை. ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை உள்ள நான்கு வகுப்புகளில் இருக்கிறது. எட்டாவது வரை யாரையும் நிறுத்துவதில்லை; அது சரியான கொள்கை. நிறுத்தாமல் ஏற்றுவதோடு கற்றுக்கொடுத்தும் ஏற்ற வேண்டும் என்ற இரண்டாம் பாதி விட்டுப்போனது. ஒன்பதாவதில் தமிழ்ப் பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கத் தெரியாத, வகுத்தல் கணக்கு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை எந்தப் பட்டதாரி ஆசிரியரும் ஒப்புக்கொள்வார். கொரோனா இரண்டு ஆண்டுகளைத் தின்ற பிறகு அது இன்னும் கூடியது. உயர்நிலை ஆசிரியர் தொடக்கப் பள்ளியைக் கைகாட்டுவார், தொடக்கப் பள்ளி ஆசிரியர் வீட்டைக் கைகாட்டுவார், வீடு செல்போனைக் கைகாட்டும். அரசு 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ கொண்டுவந்தது, 2025இல் ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கியவர்களுக்குத் ‘திறன்’ திட்டம் தொடங்கியது. நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது என்பதற்கு இவை சான்று. ஆனால் பள்ளிக்குள் அதிகாரப் படிநிலை மாறவில்லை. நல்ல ஆசிரியர் என்று பெயரெடுத்தவருக்குப் பத்தாவது, பிளஸ் டூ. புதிதாக வந்தவருக்கும் மாற்றுப்பணியில் வந்தவருக்கும் ஏழாவது, எட்டாவது. தலைமையாசிரியரின் சால்வை பத்திலும் பன்னிரண்டிலும் இருக்கும்போது, ஏழாம் வகுப்பில் வகுத்தல் சொல்லிக்கொடுப்பவரை அவர் எதற்குக் கொண்டாடப்போகிறார்?

எதை எண்ண வேண்டும் என்பது இதிலிருந்தே வரும். ஒரு பள்ளியில் ஆறாவதிலோ ஒன்பதாவதிலோ சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பிளஸ் டூ முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் எங்கே சேர்ந்தார்கள், போனவர்கள் எந்த வகுப்பில் போனார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்குப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. தினமும் அதில் விவரம் ஏற்றி ஏற்றியே ஆசிரியர்களுக்கு விரல் தேய்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரியில் சேர்ந்தவர்களின் வங்கிக் கணக்குக்குப் பணம் போவதால் அவர்கள் எந்தப் பள்ளியிலிருந்து வந்தார்கள் என்பதும் அரசுக்குத் தெரியும். அந்த எண்களைப் பள்ளிவாரியாக வெளியிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்தால் போதும். டி.சி. கொடுத்து விழுக்காட்டை ஏற்றும் வித்தை அன்றோடு முடிந்துவிடும், ஏனென்றால் போன பிள்ளையும் கணக்கில் நிற்கும். இதையும் தரவரிசையாக்கி மாவட்டக் கூட்டத்தில் அடிக்கும் பிரம்பாக்கினால், ஆறாவதிலேயே பிள்ளையைச் சேர்க்கத் தயங்கும் பள்ளிகளைப் பார்ப்போம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை விழுங்குவதைத் தடுக்க 2017–18இல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தக் கல்வியாண்டிலிருந்தே எடுத்துவிட்டது. தேர்வுப் பயத்தில் பிளஸ் ஒன்னிலேயே நின்றுபோகும் சிறுநகரப் பிள்ளைகளுக்கு இது நல்லது. நீட்டுக்கும் ஜே.இ.இ.க்கும் பாதிப் பாடம் பிளஸ் ஒன்னில் இருப்பதால், அதைக் கடமைக்கு நடத்திவிட்டுப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கெடுதல். இந்த மாற்றத்தின் முதல் அணி 2027 மார்ச்சில் பிளஸ் டூ எழுதும். தேர்ச்சி விழுக்காடு அப்போதும் ஏறித்தான் இருக்கும். 2025இல் பத்தாவது எழுதி அந்த அணியைத் தொடங்கிய மாணவர்கள் 8,71,239 பேர். முடிவு வரும் நாளில் தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கையை இந்த எண்ணால் வகுத்துப் பார்க்க வேண்டும்.